குட்மேய்ஸில் குடியிருந்த பிள்ளையார்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். லக்‌ஷிகா ஊதியது சங்கல்ல, இன்ஸ்ராகிராம். ஆவணிச் சதுர்த்தியன்று அவளுடைய தாய் கமலேஸ்வரி, பின்வளவு ஷெட்டுக்குள் பிள்ளையாருக்குப் பால் வார்ப்பதை நாற்பது செக்கன் வீடியோவாக எடுத்து, பின்னால் ஒரு நாதஸ்வரத்தையும் ஒட்டிப் போட்டுவிட்டாள். முந்நூறு பேர் இதயம் போட்டார்கள். ஒருத்தி மட்டும் இதயம் போடாமல் கடிதம் போட்டாள்.

அந்த ஒருத்தியின் பெயர் ஸர்கூனா. காபூல் நூதனசாலையில், அதாவது மியூசியத்தில், பதினெட்டு வருடம் வேலை செய்தவள். அங்கே ஆட்சி மாறியபோது ஒரு பையோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தாள். ஆப்கானிஸ்தானிலிருந்து களவுபோன பழம்பொருட்கள் உலகத்தில் எந்த மூலையில் கிடக்கின்றன என்று தேடிப் பதிகிற ஒரு சின்ன நிறுவனத்தில் இப்போது வேலை. கடிதம் மிகவும் மரியாதையாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டிலுள்ள சிலையை ஒருமுறை பார்க்க விடுவீர்களா, நாங்கள் முப்பது வருடமாகத் தேடுகிற ஒன்றைப்போல இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

லக்‌ஷிகா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, கமலேஸ்வரி வல்லாரை அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கடை பிள்ளையாரைப் பற்றி ஆப்கான்காரிக்கு என்ன விசாரணை?"

"சும்மா பாக்கத்தானேம்மா கேக்கிறா."

"பாக்கிறதெண்டுதான் எல்லாம் தொடங்கும்," என்றாள் கமலேஸ்வரி. ஆனாலும் வரவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வாறன் என்கிற ஆளை வராதே என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

இந்தப் பிள்ளையார் லண்டன் ஓரத்துக் குட்மேய்ஸுக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும். கமலேஸ்வரியின் மனுசன் கிருஷ்ணராசாவுக்கு வீடு வெறுமையாக்கிற தொழில். வயதான வெள்ளைக்காரர் செத்துப்போனால், பிள்ளைகளுக்கு அந்தச் சாமான்களைத் தொடவும் நேரமில்லை, கிருஷ்ணராசாவைக் கூப்பிடுவார்கள். அவர் தன் வான் வண்டியோடு போய், கட்டில் கதிரை கோப்பை பீங்கான் எல்லாவற்றையும் ஒரே விலைக்கு அள்ளிக்கொண்டு வருவார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கென்ற் பக்கம் ஒரு பெரிய வீடு. அதன் கண்ணாடி அறைக்குள், காய்ந்துபோன பூச்சாடிகளுக்கு நடுவில், கதவு காற்றுக்கு அடிக்காமல் முண்டுகொடுத்துக்கொண்டு நின்றார் பிள்ளையார். வெள்ளை மாபிள். ஒன்றரை அடி. கதவுக்கு முண்டு. கிருஷ்ணராசா பெரிய பக்திமான் அல்ல, ஆனால் அதைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் தூக்கினேன் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

நாங்கள் பார்த்துப் பழகிய பிள்ளையார் மாதிரி இல்லை. இவர் நிற்கிறவர். வண்டி வயிறு இல்லை, தோள் இரண்டும் மல்லுக்கட்டுகிறவனுடைய தோள். பாம்பைப் பூணூலாகப் போட்டிருந்தார். ஒரு காதின் ஓரம் சிதறியிருந்தது. கமலேஸ்வரி அவரைக் குளியல் தொட்டிக்குள் வைத்துக் குழந்தைப்பிள்ளையைப் போலக் குளிப்பாட்டினாள். அப்போதுதான் அடிப்பக்கத்தில் கறுப்பு மையால் எழுதியிருந்ததைக் கண்டாள். ஆங்கில இலக்கங்கள் நாலைந்து, பக்கத்தில் புள்ளியும் வளைவுமாக அரபு மாதிரி ஒரு வரி. பள்ளிக்கூடத்துக் கதிரை மேசைக்குப் போடுகிற இலக்கம் போல. பாகிஸ்தானில் செய்த சாமானாக்கும் என்றார் கிருஷ்ணராசா. அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

அவளுக்கு அப்போது இருந்த யோசனை வேறு. கலியாணம் முடித்துப் பாரிசுக்குப் போய், அங்கே ஆறு வீடு மாறி, பிரெஞ்சு கொஞ்சம் நாக்கில் ஏறி வருகிற நேரத்தில், மகளின் படிப்பு என்று சொல்லி மனுசன் லண்டனுக்கு இழுத்து வந்தார். இங்கே மறுபடியும் ஊமை. கடைக்குப் போனால் கையைக் காட்டிச் சாமான் வாங்குகிற நிலைமை. மனுசன் காலமை வானோடு போனால் இருண்டபிறகுதான் வருவார், மகள் பள்ளிக்கூடம். லண்டனில் விடிந்தது முதல் பொழுதுபடும் மட்டும் அவள் தமிழில் கதைக்க இருந்தது இந்தப் பிள்ளையார் ஒருவர்தான். இனி இவரையாவது ஒருவரும் அசைக்கக்கூடாது என்று அவள் முடிவெடுத்துவிட்டாள்.

அதற்காகத்தான் சச்சிதானந்தக் குருக்களைக் கூப்பிட்டு அஷ்டபந்தனம் சாத்தச் சொன்னாள். கோயில்களில் மூர்த்தியைப் பீடத்தோடு ஒட்டி இறுக்குகிற மருந்து அது. அரக்கு, குங்குலியம், மெழுகு என்று எட்டுச் சாமான் இடித்துச் செய்வது. குருக்கள் தன் தலையில் கை வைத்தார்.

"பிள்ளை, வீட்டுச் சாமிக்கு இது ஒருத்தரும் செய்யிறேல்லை. பிறகு தூக்க ஏலாது."

"தூக்கக்கூடாதெண்டுதான் ஐயா கேக்கிறன்."

எட்டில் ஏழு சாமான் கிடைத்தது. எருமை வெண்ணெய்தான் ஒரு கடையிலும் இல்லை. கிருஷ்ணராசா இத்தாலிக்காரன் கடையில் எருமைப்பால் சீஸ் இரண்டு உருண்டை வாங்கி வந்து நீட்ட, குருக்கள் பார்த்த பார்வையில் மனுசன் அன்று முழுக்க ஷெட் பக்கம் வரவில்லை. கடைசியில் குருக்களே எங்கிருந்தோ அஞ்சலில் எடுப்பித்து, இடித்து, உருட்டி, பீடத்தில் வைத்துப் பிள்ளையாரை இருத்தினார். இலக்கம் அடியில் போய்விட்டது. அதைப் பற்றி நினைக்க ஒருவருக்கும் நேரமில்லை.

ஏழு வருடத்துக்கு முன் கமலேஸ்வரியின் மார்பில் கட்டி என்று டொக்ரர் சொன்னபோது, அதைக் கிருஷ்ணராசாவுக்குச் சொல்லமுன் பிள்ளையாருக்குத்தான் சொன்னாள். வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டி முளைத்தது. உயிரோடு விட்டால் சாகும்வரை வெள்ளி தவறாமல் எண்ணெய்க்காப்பும் பாலும் என்று நேர்த்தி வைத்தாள். வைத்தபடி செய்தாள். இன்றைக்கும் வருடம் ஒருமுறை பரிசோதனைக்குப் போகிற நாளில் அவள் கும்பிடுகிற கும்பிடு வேறு.

ஸர்கூனா ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலைக்கு முக்காடு, கையில் ஒரு பைல். வாசலில் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினாள்; அதில் கமலேஸ்வரியின் மனம் கொஞ்சம் இளகியது. தேத்தண்ணி குடித்தபிறகு எல்லோரும் ஷெட்டுக்குப் போனார்கள். ஸர்கூனா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, லக்‌ஷிகா நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் மாற்றிச் சொன்னாள்.

பைலுக்குள் ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம். ஐம்பது வருடத்துக்கு முன் நிலத்திலிருந்து தோண்டி எடுத்த நாளில் பிடித்தது. வெளிறிப்போய், கொஞ்சம் கலங்கியும் இருந்தது. ஆனால் தோள் அதே தோள், பாம்பு அதே பாம்பு. படத்திலிருந்தவர் வெள்ளை வெளேரென்று இருந்தார். ஷெட்டுக்குள் நின்றவர் நல்லெண்ணெயும் பாலும் சந்தனமும் ஊறி, நெய்ச்சட்டி நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தார்.

ஸர்கூனா கையைக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல் எடுத்தாள். பிறகு கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அப்படியே இருந்துவிட்டாள்.

"தலைச்சுத்தாக்கும். ஓடிப்போய்த் தண்ணி கொண்டாங்கோப்பா," என்றாள் கமலேஸ்வரி.

"தலைச்சுத்து இல்லையம்மா," என்றாள் லக்‌ஷிகா. சொல்ல அவளுக்கே சங்கடமாக இருந்தது. "மாபிள் எண்ணெயைக் குடிச்சிடுமாம். உள்ளுக்கை போனா முழுசா எடுக்க ஏலாதாம்."

கமலேஸ்வரிக்குச் சுறுக்கென்றது. "நான் பாழாக்கிப்போட்டன் எண்டு சொல்லுறாவோ? கதவுக்கு முண்டு குடுத்துக்கொண்டு நிண்டவரை நான் குளிப்பாட்டி, உடுப்பு உடுத்தி, பன்னிரண்டு வருசம் பட்டினி போடாமல் வைச்சிருக்கிறன். அதையும் சொல்லு அவவுக்கு."

லக்‌ஷிகா சொன்னாள். ஸர்கூனா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகப் பதில் சொன்னாள். வங்கிப் பெட்டகத்துக்குள் பூட்டி வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன், விருந்தாளிக்குக் காட்டவென்று சுவரில் ஏற்றியவர்களைக் கண்டிருக்கிறேன், குளிப்பாட்டியவர்களை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்றாள். கமலேஸ்வரிக்குக் கோபம் இறங்கிவிட்டது.

"இவரைக் கொண்டுபோனா என்ன செய்வியள்? அங்கை அனுப்பினா உடைப்பாங்கள். ரிவியிலை நானும் பாத்தனான்."

உடைக்கலாம், என்று ஒத்துக்கொண்டாள் ஸர்கூனா. அதனால் இப்போது அனுப்பமாட்டோம். லண்டனிலேயே ஒரு நூதனசாலையின் காப்பறையில் எங்கள் பெயரில் இருக்கும். நாடு எப்போது சரிவருகிறதோ அப்போது போகும். என்னுடைய காலத்தில் நடக்குமோ தெரியாது.

"அப்ப பெட்டிக்குள்ளை அடைச்சு வைக்கத்தானே கேக்கிறியள். இருட்டுக்குள்ளை கிடக்கிறதுக்கு இஞ்சை விளக்கோடை இருந்தா என்ன? இதுக்குப் பதில் சொல்லச் சொல்லு."

இந்தக் கேள்வியை நானும் என்னிடம் கேட்டிருக்கிறேன் என்றாள் ஸர்கூனா. இங்கே விளக்கோடு இருந்தாலும் இது தொலைந்த சாமான். அங்கே பெட்டிக்குள் இருந்தாலும் தொலையாத சாமான். எங்களிடம் ஒரு நீட்டுப் பட்டியல் இருக்கிறது. பக்கம் பக்கமாகத் தொலைந்தது, தொலைந்தது என்றே எழுதியிருக்கிறது. ஒரு வரியையாவது மாற்றி எழுதவேண்டும். எங்கள் பிள்ளைகள் அதைப் படித்து, எங்களிடம் இதுவும் இருந்தது, இன்னும் இருக்கிறது என்று சொல்லவேண்டும்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இதே மாதிரி இன்னும் மூன்று நாலு சிலை எங்களிடம் இருந்தது. இந்த ஒரு படத்தை வைத்து இதுதான் அது என்று ஒருவரும் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பு மையால் இலக்கம் எழுதுவார்கள். இதன் அடியில் ஏதாவது எழுதியிருந்ததா?

கமலேஸ்வரியின் கண் பிள்ளையாரின் பீடத்துக்குப் போனது. கிருஷ்ணராசா அவளைப் பார்த்தார். ஒரு செக்கன்தான். பிறகு அவரே ஆங்கிலத்தில், லக்‌ஷிகாவின் தயவில்லாமல், "நோ மேடம். நதிங். வீ வாஷ்ட் இற்," என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்றால் இதுதான். இலக்கம் பிள்ளையாரின் காலடியில் இருக்க, பிள்ளையாருக்கு முன்னாலேயே சொன்னார். இதெல்லாம் நடந்தபோது லக்‌ஷிகாவுக்குப் பதினொரு வயது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஸர்கூனா சரி என்று தலையாட்டினாள். பைலை மூடினாள். படத்தின் பிரதி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, நெஞ்சில் கை வைத்து விடைபெற்று, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

அப்பாடா என்று இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. அன்று பின்னேரம் கமலேஸ்வரி விளக்கு வைக்கப் போனாள். திரியைத் தூண்டினாள், கையைக் கூப்பினாள், வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் இந்த ஷெட்டுக்குள் அவள் சொல்லாத கதை இல்லை. மாமியார் பாடு, முழங்கால் வலி, மகள் ஆரோ பொடியனோடு கதைக்கிறாள் என்ற பயம், கட்டி, எல்லாம் சொன்னாள். இன்றைக்கு நடந்ததை மட்டும் சொல்ல முடியவில்லை. நின்று பார்த்தவருக்கு என்னத்தைச் சொல்லுகிறது?

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். பால் வார்த்தாள், பூ வைத்தாள், திரும்பி வந்தாள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை எண்ணெய்ப் போத்தலை எடுத்தவள், அந்த வெள்ளைப் படத்தை நினைத்து, மூடியைத் திறக்காமலே திருப்பி வைத்தாள். நேர்த்தி வைத்தபிறகு முதல் தடவையாக எண்ணெய் வைக்காத வெள்ளி அது.

அதற்கடுத்த ஞாயிறு, எட்டாம் நாள், சோறு போட்டுக் கொடுத்துவிட்டு அவள் கிருஷ்ணராசாவுக்கு முன்னால் இருந்தாள்.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உனக்காகத்தான்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உன்ரை முகத்தைப் பாத்தன். வாயிலை வந்திட்டுது."

"எனக்காகச் சொன்னதெண்டு எனக்குத் தெரியும். அதாலைதான் உங்களோடை கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு."

"விடு கமலா. அந்தப் பொம்பிளையும் போயிட்டா. ஆருக்கும் தெரியாது."

"ஆருக்கும் தெரியாதோ?" என்றவள், ஷெட் பக்கம் பார்த்தாள். பிறகு இவ்வளவு வருடமும் ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னாள். "அவர் இஞ்சையிருந்து போனா, அது திரும்பி வந்திடுமெண்டு எனக்குப் பயம். உண்மையைச் சொல்லுறன். அந்தப் பயத்திலைதான் நானும் வாயை மூடிக்கொண்டு நிண்டனான்."

கிருஷ்ணராசாவின் கை சோற்றில் நின்றது. "சுகமாக்கினது டொக்ரர்மார் கமலா."

"ஓம். டொக்ரருக்குப் பக்கத்திலை ஆர் நிண்டது?"

அவர் சோற்றுக் கோப்பையை அப்பால் தள்ளி வைத்தார்.

"பயத்துக்குச் சாமியைக் கட்டி வைச்சிருக்கிறன்," என்றாள் கமலேஸ்வரி. "கதவுக்கு முண்டு குடுத்த அந்த வெள்ளைக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் கதவுக்கு வைச்சிருந்தான். நான் எனக்கு முண்டு குடுக்க வைச்சிருக்கிறன். இப்ப அவரோடை கதைக்கவும் ஏலாமல் போச்சு. ஆளும் இல்லை, ஆறுதலும் இல்லை, கல்லுத்தான் மிச்சம்." சொல்லிவிட்டு அழுதாள். கிருஷ்ணராசா இடது கையால் அவளுடைய தோளைத் தொட்டுக்கொண்டு, காய்ந்த வலது கையோடு அப்படியே இருந்தார். கடைசியில், "நீ சொல்லு, நான் செய்யிறன்," என்றார்.

லக்‌ஷிகாவுக்கு அன்று பின்னேரமே எல்லாம் சொன்னார்கள். "அப்பா, யூ லைட்? பொய் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள் அவள். தகப்பன் நிலத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை; ஸர்கூனாவைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

சச்சிதானந்தக் குருக்களும் வந்தார். அவர் விசயத்தைக் கேட்டுவிட்டு, நான் அண்டைக்கே சொன்னனான் என்று ஒரு பாட்டம் சொல்லி முடித்துத்தான் ஆறினார். பிறகு விளங்கப்படுத்தினார். மூர்த்தியிலிருக்கிற சக்தியை மந்திரம் சொல்லித் தர்ப்பையால் கும்பத்துக்குள் இறக்கவேண்டும். கோயில் திருத்தும்போது செய்வது அதுதான். இறக்கிவிட்டால் பீடத்தில் மிஞ்சுகிறது வெறும் கல். கும்பத்தை வைத்துப் பூசை செய், பிறகு வேறொரு மூர்த்தியில் ஏற்றலாம்.

"அவர் உன்னோடைதான் இருப்பார் பிள்ளை. கல்லுத்தானே போகுது."

"ஐயா," என்றாள் கமலேஸ்வரி, "எனக்குக் கல்லோடைதானே பழக்கம்."

நாற்பது வருடம் ஆகமம் படித்த குருக்களுக்கு அந்த நேரத்தில் ஒரு சுலோகமும் கைகொடுக்கவில்லை. கொஞ்சநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வா தொடங்குவம் என்றார்.

கும்பத்தில் இறக்கினார்கள். பிறகு அஷ்டபந்தனத்தோடு மல்லுக்கட்டு. பன்னிரண்டு வருடத்தில் அது இரும்பாகிவிட்டது. உளி போடக் கமலேஸ்வரி விடவில்லை. கிருஷ்ணராசா பெயின்ற் உரிக்கிற சூட்டு மெசினைக் கொண்டுவர, கல் வெடிச்சுப்போம் என்று லக்‌ஷிகா தடுத்தாள். கடைசியில் லக்‌ஷிகாவின் தலைமயிர் காயவைக்கிற மெசினால், மூன்று பேரும் மாறி மாறிப் பிடித்து, இரண்டரை மணித்தியாலம் காற்றடித்தார்கள். குருக்கள் பக்கத்திலிருந்து, லண்டனிலை நான் செய்த அஷ்டபந்தனம் இண்டைக்கு வரைக்கும் ஒண்டும் கழண்டதில்லை, தெரியுமோ என்று தன் பெருமை பேசிக்கொண்டிருந்தார். மருந்து மெல்ல இளகியது. கிருஷ்ணராசா இரண்டு கையாலும் அணைத்துச் சரித்தார். அடியில் மெழுகுக்குள் பத்திரமாக, ஒரு எழுத்தும் அழியாமல் இருந்தது இலக்கம்.

இரண்டு நாள் கழித்து ஸர்கூனா ஒரு மரப்பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள் பஞ்சுமெத்தை வெட்டி வைத்திருந்தது. முன்னறையில் வெள்ளைத் துணியின் மேல் பிள்ளையாரைப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் குனிந்து இலக்கத்தை வாசித்தாள். தன் பைலோடு ஒத்துப் பார்த்தாள். இன்னுமொருமுறை பார்த்தாள்.

கமலேஸ்வரி லக்‌ஷிகாவைப் பார்த்து, "நான் தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் நிண்டனான் எண்டு சொல்லு. அவர் சொன்ன பொய்யிலை பாதி என்ரை," என்றாள்.

தெரியும், என்றாள் ஸர்கூனா. நாற்பத்துமூன்று வீட்டில் கேட்டிருக்கிறேன். எல்லா வீட்டிலும் அடியில் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். உங்கள் வீட்டையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டுப் போய்விட்டேன். என்னைத் திருப்பிக் கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தான். சொல்லிவிட்டு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். கமலேஸ்வரி எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாசை இல்லாதபடியால் சும்மா இருந்தார்கள்.

பிறகு ஸர்கூனா காபூலுக்கு வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுத்தாள். எடுத்தவர் நூர் ஆகா என்கிற கிழவர். நூதனசாலையில் பதிவாளராக இருந்தவர், எண்பது தாண்டியவர். அந்த இலக்கத்தைத் தன் கையால் எழுதியவர் அவர்தான் என்று ஸர்கூனா சொன்னாள். போர்வையால் போர்த்துக்கொண்டு, போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்தபடி தெரிந்தார். ஸர்கூனா தன் போனைப் பிள்ளையாரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துபோச்சோ என்று கிருஷ்ணராசா எட்டிப் பார்த்தார். பிறகு கிழவர் ஏதோ கேட்டார். ஸர்கூனா அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டாள் கமலேஸ்வரி.

ஸர்கூனா தயங்கித் தயங்கிச் சொல்ல, லக்‌ஷிகாவும் தயங்கிச் சொன்னாள். "ஆர் இவரை இப்பிடிக் கறுப்பாக்கினது எண்டு கேக்கிறாரம்மா."

"நான்தானெண்டு சொல்லு. மாபிளுக்கு எண்ணெய் கூடாதெண்டு எனக்குத் தெரியாது. பெரியவர் மன்னிக்கவேணும்."

ஆங்கிலமாகி, அவர்களுடைய பாசையாகி, காபூலுக்குப் போய்ச் சேர்ந்தது அது. கிழவர் கேட்டார். பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். கறுப்பென்றால் என்ன, தலை இருக்கிறதே என்றாராம். இங்கே மிஞ்சியிருக்கிறதில் பாதிக்குத் தலை இல்லை. முகத்தை இன்னும் கிட்டக் காட்டு, இன்னும் கிட்ட. எத்தனை வருடம் அந்த அம்மா வைத்திருந்தா? பன்னிரண்டா?

அதன்பிறகு அவரும் ஸர்கூனாவும் நீட்டுக்குக் கதைத்தார்கள். ஸர்கூனா தலையை ஆட்டி மறுப்பதும், கிழவர் விடாமல் சொல்லுவதும் இவர்களுக்கு விளங்கியது. கடைசியில் ஸர்கூனா போனை மடியில் வைத்தாள்.

அவர் சொல்லுகிறார், என்றாள். இங்கே வைக்க இப்போது பாதுகாப்பான இடமில்லை. அங்கே காப்பறையில் வைத்தால் ஒரு பெட்டியோடு பெட்டி. இந்த அம்மாவிடமே விட்டுவிட்டு வா, எண்ணெய் மட்டும் வைக்கவேண்டாம் என்று சொல். நாடு சரிவரும்போது நாங்கள் வந்து எடுத்துக்கொள்ளுகிறோம். இது எங்கள் வழக்கமில்லை, என்று தன் பங்குக்கும் சொன்னாள். ஆனால் பட்டியலில் கிடைத்தது என்று எழுதிவிட்டு, பொறுப்பாளர் என்று உங்கள் பெயரைப் போட்டு, நீங்கள் கையெழுத்து வைத்தால், எங்கள் ஆட்களோடு நான் வாதாடிப் பார்க்கிறேன். நடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"அம்மா," என்றாள் லக்‌ஷிகா. "அவர் இஞ்சையே இருக்கலாமாம்."

கிருஷ்ணராசா கதிரையின் விளிம்பைப் பிடித்தபடி மனுசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமலேஸ்வரி எழும்பிப் போய்ப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். சிதறிய காதை விரலால் தடவினாள். தோளைத் தடவினாள். போனுக்குள் கிழவரும் காத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்," என்றாள் கமலேஸ்வரி. "இண்டைக்கே கொண்டுபோகச் சொல்லு."

"ஏனம்மா?"

"என்னட்டை விட்டுட்டுப் போனா, பிறகு ஆர் வந்து கேட்டாலும் நான் குடுக்கமாட்டன்."

லக்‌ஷிகா அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். ஸர்கூனா வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, பெட்டியின் மூடியைத் திறந்தாள். கிருஷ்ணராசா வானின் பின்கதவைத் திறக்கத் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.